அமரோனே புட்டியில் திராட்சைத் தண்ணீர்

அத்தியாயம் 5

"மேடம், செத்த எலியை வெல்லப்பாகுல ஊறப் போட்டா இப்படித்தான் நாறும்."

ஹாஜா நஜ்முதீன் அந்தக் கறுத்த புட்டியை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஜன்னலைத் திறந்தார். கீழே மௌரி அவென்யூவின் மளிகைக் கடையிலிருந்து ஊதுபத்தியும் பெருங்காயமும் கலந்து மேலே வந்தது. தினமும் தலைவலி கொடுக்கிற அந்த வாசனை இன்றைக்கு அவருக்குத் தேவாமிர்தமாக இருந்தது.

"இன்னொரு தடவை மோந்து பாருங்க பாய்," என்றாள் தாமரைச்செல்வி.

"நான் அஞ்சு வேளை தொழுறவன். கள்ளுக்கடைத் தெரு வழியா வந்தாலே எங்க வாப்பா என்னைக் குளிச்சிட்டு உள்ள வரச் சொல்வார்."

"பயப்படாதீங்க. இதுல ஒயின் ஒரு சொட்டுகூட இல்லை. அதனாலதான் கேஸே வந்திருக்கு."

தாமரைச்செல்வி கோயம்புத்தூரில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைத் தோண்டி எடுத்தவள். ஃப்ரீமான்ட் வந்த பிறகும் அந்த மூக்கு சும்மா இருக்கவில்லை. மளிகைக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டுவிட்டாள். நஜ்முதீன் டிராவல் ஏஜென்சி வைத்திருந்தவர். ஜனங்கள் டிக்கெட்டை இன்டர்நெட்டிலேயே வாங்க ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டு, இவளுக்கு டிரைவர், அசிஸ்டென்ட், வாய்த்துணை என்று மூன்றுமாகச் சேர்ந்துகொண்டார்.

எதிர் நாற்காலியில், டயப்பர் பையை மடியில் அணைத்தபடி ராஜலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். புட்டி அந்தப் பைக்குள்ளிருந்துதான் வந்தது. அவள் புருஷன் அனந்தராமன், சான் ஹோசேயில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவன். போன வாரம் கம்பெனி பங்குச் சந்தையில் ஏறி, ஒரே நாளில் பெரிய மனுஷனாகியிருந்தான்.

"கம்பெனில இன்வெஸ்ட் பண்ணவர் மிஸ்டர் பெல்லினி," என்று ஆரம்பித்தாள் ராஜலக்ஷ்மி. "அவரோட தாத்தா ஊர் இத்தாலில வெரோனா பக்கம். லிஸ்ட் ஆகுற அன்னிக்கு நாம சேர்ந்து திறப்போம்னு, லேபிள் மேலயே கையெழுத்துப் போட்டு இந்தப் புட்டியை இவருக்குக் குடுத்தார். அமரோனேன்னு பேர். திராட்சையைக் காய வெச்சு அதுல செய்யறதாம். இவரானா காபியே குடிக்க மாட்டார். மரியாதைக்கு வாங்கி வெச்சார்."

"திராட்சாரிஷ்டத்தோட இத்தாலி ஒண்ணுவிட்ட அண்ணன்," என்றார் நஜ்முதீன்.

"பார்ட்டில எல்லார் முன்னாடியும் பெல்லினி திறந்தார். மேல இருந்த ஃபாயில், கத்தி படறதுக்கு முன்னாடியே தொப்பி மாதிரி கையோட வந்துடுச்சு. கார்க்குல ஏற்கெனவே ஓட்டை. கிளாஸ்ல ஊத்தினா செவப்பாவே வரல, சட்டி கழுவின தண்ணி மாதிரி வந்துது. ஜோக்குன்னு நெனச்சு அவர் ஒரு வாய் குடிச்சார். அப்புறம்..."

"துப்பிட்டாரா?"

"என் பட்டுப்புடவை மேல."

நஜ்முதீன் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பதா, குமட்டுவதா என்று அவருக்குப் புரியவில்லை.

மீதியை ராஜலக்ஷ்மி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கைக்குழந்தை வெண்பாவைப் பார்த்துக்கொள்ள கோபிச்செட்டிபாளையத்திலிருந்து சாந்தாமணியை வரவழைத்திருந்தார்கள். குழந்தைக்கு மலச்சிக்கல். ஒவ்வொரு ராத்திரியும் கறுப்பு உலர்திராட்சையை வெந்நீரில் ஊறப் போட்டு, காலையில் பிசைந்து, துணியில் வடிகட்டிப் புகட்டுவது சாந்தாமணியின் வேலை. புட்டிக்குள் இருந்ததும் திராட்சைத் தண்ணீர். போதாதா? அத்தனை பேர் நடுவிலும் அனந்தராமன் அவளை நோக்கி விரலை நீட்டிவிட்டான். ஒயினை ராத்திரி ராத்திரி குடித்துத் தீர்த்துவிட்டு, திராட்சைத் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தவள் இவள்தான் என்று.

"இன்னிக்கு சாயங்காலம் அவங்களுக்கு ஃப்ளைட். பாஸ்போர்ட் இவர் டிராயர்ல பூட்டியிருக்கு. அதோட விடல மேடம். அங்க விடிஞ்சதும் கோபிக்கு போன் பண்ணி, சாந்தாமணியோட சம்பந்தி வீட்டுல சொல்லுவேன்கிறார். அவங்க பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். அம்மா குடிகாரின்னு கேட்டா, அந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏற விடுவாங்களா?"

"நீங்க நம்பறீங்களா?" என்றாள் தாமரைச்செல்வி.

"என் குழந்தையைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கை கழுவறவங்க அவங்க. எனக்கு நம்ப முடியல. ஆனா அந்த வீட்ல திராட்சை ஊறப் போடறது அவங்க ஒருத்தர்தான்."

அவள் பையிலிருந்து ஒரு டிஷ்யூவைப் பிரித்தாள். புட்டிக் கழுத்தின் ஃபாயில் தொப்பி. உட்புறம் நசுங்கிக் காய்ந்த ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"அடடா, நம்ம ஊர் பசை!" என்றார் நஜ்முதீன். "கல்யாணப் பத்திரிகைக் கவரெல்லாம் எங்க உம்மா இதை வெச்சுத்தான் ஒட்டுவாங்க."

"இதையும் இவர் விடல. ‘அமெரிக்கா வந்தும் சோத்தை வெச்சு ஒட்டறது எந்தப் பட்டிக்காட்டுக் கை’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார்."

தாமரைச்செல்வி பருக்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பழுப்பு நிறம்.

"அந்த நாத்தத் தண்ணி பட்டு கறை ஏறியிருக்கு," என்றார் நஜ்முதீன்.

தாமரைச்செல்வி பருக்கையை நகத்தால் எடுத்து, ஒரு சின்ன டப்பாவில் தண்ணீர் விட்டு அதில் போட்டு மூடி, அவர் கையில் கொடுத்தாள்.

"கொட்டாம கொண்டு வாங்க பாய். லிவர்மோருக்குப் போறோம்."

"அங்க இருக்கிற கோயிலுக்கா?"

"ஒயின் கடைக்கு."

"யா அல்லாஹ்," என்றபடி கார் சாவியை எடுத்தார்.

காய்ந்த புல்லால் பொன்னிறமாகக் கிடந்த மலைகளைத் தாண்டி, ஃப்ரீவேயை விட்டு இறங்கியதும் அந்தக் கடை வந்தது. உள்ளே குளுகுளுவென்று இருட்டு. ஒரு காதில் வளையம் போட்ட வெள்ளைக்காரர், நஜ்முதீனின் தாடியையும் தாமரைச்செல்வியின் குங்குமத்தையும் பார்த்துவிட்டு, வழி தவறி வந்தவர்களோ என்று நினைத்தார். அமரோனே என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

அவர் சொன்னது இதுதான். அறுவடை செய்த திராட்சைக் குலைகளைத் தட்டுகளில் பரப்பி, குளிர்காலம் முழுக்கக் காற்றில் வாட விடுவார்கள். தோல் சுருங்கி, சாறு இறுகி, பாதி எடைக்கு வந்த பிறகு பிழிந்து நொதிக்க வைப்பார்கள். பிறகு மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் உறக்கம்.

"அப்ப தேன் மாதிரி இனிக்குமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் தாமரைச்செல்வி.

கடைக்காரர் சிரித்து, ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார். மாட்டு ரத்தம் போலக் கெட்டியாக இறங்கியது. நஜ்முதீன் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு, சீஸ் அலமாரியை ரொம்ப அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார். அங்கே வேறொரு நாற்றம். பாவம், அவருக்கு அன்றைக்குப் போக்கிடமே இல்லை.

தாமரைச்செல்வி சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முகம் அஷ்டகோணலாயிற்று.

"என்ன மேடம்?"

"வேப்பங்கொட்டையைக் கடிச்ச மாதிரி இருக்கு."

கடைக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எல்லாரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள் என்றார். இருக்கிற சர்க்கரையெல்லாம் சாராயமாக மாறிவிடும், கடைசியில் நாக்கில் ஒரு கசப்பு நிற்கும், அந்தக் கசப்புக்குத்தான் மவுசு என்றார்.

"கசப்புக்கா காசு?" என்றார் நஜ்முதீன் தமிழில். "எங்க வீட்டுப் பாகற்காயை இவர்கிட்ட கொண்டாந்து குடுத்தா நான் பணக்காரன்."

தாமரைச்செல்வி இன்னும் ஒன்று கேட்டாள். உலர்ந்த திராட்சையில் செய்தது என்று புட்டியைப் பார்த்தால் தெரியுமா? அவர் புட்டியைத் திருப்பிக் காட்டினார். எல்லாம் இத்தாலியன் எழுத்து. திராட்சைப் படம்கூட இல்லை. யாராவது சொன்னால்தான் தெரியும்.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "பாய், ஒருத்தன் திருட்டுத்தனமா ஒயினைக் குடிச்சுட்டான். புட்டியை நிரப்பணும். எதை ஊத்துவான்?"

"மலிவா வேற ஒயின். இல்லேன்னா பச்சைத் தண்ணில ரோஜா சர்பத்."

"இது உலர்ந்த திராட்சைல செஞ்சதுன்னு தெரிஞ்சவன்?"

"திராட்சையை..." நஜ்முதீன் ஸ்டியரிங்கைத் தட்டினார். "மேடம்! சாந்தாமணிக்கு அது எப்படித் தெரியும்? பெல்லினி இங்கிலீஷ்ல சொன்னது அனந்தராமன்கிட்ட!"

"ஊம். இன்னொன்னும் இருக்கு. குழந்தைக்குத் திராட்சைத் தண்ணி புகட்டறவ யாரும் அதை மத்தியானத்துக்குக்கூட வைக்க மாட்டா. புளிச்சு நுரைச்சுடும். அதைப் புட்டியில அடைச்சு நாள்கணக்கா வெச்சவங்க, வாழ்க்கைல ஒரு தடவைகூடக் குழந்தைக்கு அதைக் குடுத்ததில்லை. டப்பாவைப் பாருங்க."

அடுத்த சிக்னலில் நஜ்முதீன் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். பருக்கை ஊறிப் பருத்திருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. "கறை போகலையே?"

"போகாது," என்றாள் தாமரைச்செல்வி.

அனந்தராமனின் வீடு ஃப்ரீமான்ட் மலைச்சரிவில், கீழே வளைகுடா முழுவதும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், கயிறு கட்டிய பெட்டியோடு சாந்தாமணி நின்றிருந்தாள். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஒவ்வொரு அழுகைக்கும் அவள் கை தானாக எழுந்து, திரும்பத் தாழ்ந்தது.

"உள்ள போய்த் தூக்கலாமே அக்கா," என்றாள் தாமரைச்செல்வி.

"கொழந்தயத் தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாருங்க. குடிச்ச கையாமா." அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "எம் புருசன் குடிச்சே செத்த மனுசனுங்க. அந்த நாத்தம் அடிச்சாலே எனக்குக் கொடலப் பொரட்டும். நானுங்களா குடிப்பேன்?"

நஜ்முதீன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார்.

அனந்தராமன் சாப்பாட்டு மேஜையில் இருந்தான். எழுந்திருக்கவில்லை. வாயில் சோற்றோடே பேசினான்.

"ராஜி, இதுக்கெல்லாமா டிடெக்டிவ்? ஓப்பன் அண்ட் ஷட் கேஸ். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பணும், சீக்கிரம் முடிங்க."

"முதல்ல ரெண்டு பேரும் சாப்பிடுங்க," என்று ராஜலக்ஷ்மி தட்டை வைத்தாள். நஜ்முதீன் அருகிலிருந்த சின்ன குக்கரைத் திறந்தார். "அது வேண்டாம் பாய், அது அவருக்கு மட்டும். சுகர் வந்ததுலேர்ந்து தனிச் சாதம். உங்களுக்கு வெள்ளைச் சாதம் இருக்கு."

நஜ்முதீன் மூடியைக் கீழே வைக்க மறந்து நின்றார். குக்கருக்குள் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த டப்பாவைத் தொட்டுக்கொண்டார். தாமரைச்செல்வி கண்ணாலேயே ‘பொறுங்க’ என்றாள்.

"சார், உங்களுக்கு நல்ல சேதி," என்று அனந்தராமனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "நீங்க அந்தப் புட்டியைத் திறந்ததே இல்லை, இல்லையா?"

"திறக்கறதா? கை பட்டாலே சோப்புப் போட்டுக் கழுவறவன் நான்."

"அதான். லிவர்மோர்ல விசாரிச்சோம். தப்பு பெல்லினி மேலதான். அந்தப் பெட்டில வந்த சரக்கு மொத்தமும் கெட்டுப்போனதாம். வாயில வைக்க முடியாத கசப்பாம். உங்களுக்குக் குடுக்கும்போதே அது கெட்ட ஒயின்."

அனந்தராமன் தட்டைத் தள்ளினான். முகத்தில் வெளிச்சம் பாய்ந்தது. "பார்த்தியா ராஜி! நான் அன்னிக்கே நெனச்சேன். வேப்பெண்ணெய் மாதிரி இருந்துது! கராஜ்ல வெச்சதாலதான் கெட்டுப்போச்சோன்னு நான் வேற இத்தனை நாள்..."

பேச்சு அங்கேயே நின்றது.

"கையே படலைன்னீங்க," என்றாள் தாமரைச்செல்வி. "நாக்கு பட்டிருக்கே?"

நஜ்முதீன் டப்பாவைத் திறந்து, ஊறின பருக்கையை அவன் தட்டின் ஓரத்தில் வைத்தார். தட்டிலிருந்த சோறும் அதுவும் ஒரே நிறம். "பிரவுன் ரைஸ் சார். ஒடம்புக்கு நல்லது, ஒட்டறதுக்குத்தான் ஆகாது. வெள்ளைச் சோத்தை வெச்சு அழுத்தியிருந்தீங்கன்னா பெல்லினிக்குக் கத்தி வேண்டியிருந்திருக்கும்."

"அதை வாசல்ல நிக்கறவளும்தான் சமைக்கறா," என்று முணுமுணுத்தான் அனந்தராமன்.

"சமைக்கறவங்களுக்குத் தெரியும், ரெண்டுல எது பசைன்னு. கெட்ட ஒயின்னு நான் சொன்னது பொய் சார். அந்த ஒயினே கசப்புத்தான். கசந்தாத்தான் அது நல்ல சரக்கு."

அவன் சொல்ல ஆரம்பித்தான். பெரிய மனுஷர்கள் முன்னால் முகம் சுளித்துவிடக் கூடாதே என்று, ஒரு வாய் ருசித்துப் பழகிக்கொள்ளப் பார்த்தானாம். கசந்ததும் கெட்டுவிட்டது என்று பயந்து, அத்தனையையும் சிங்க்கில் கவிழ்த்தானாம். லேபிளில் பெல்லினியின் கையெழுத்து, வேறு புட்டி வாங்கி வைக்க வழியில்லை. உலர்ந்த திராட்சை என்று அவரே சொன்னாரே, இனிப்பாகத்தானே இருக்க வேண்டும்? சாந்தாமணி ஊறவைத்திருந்ததை அப்படியே எடுத்து, சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்து, தன் பழைய பனியனில் வடிகட்டி...

"பனியன்லயா!" ராஜலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதை பெல்லினி குடிச்சிருக்கார்," என்றார் நஜ்முதீன். "நல்லதைச் சாக்கடைக்கு வார்த்துட்டு, சாக்கடையைப் புட்டியில வார்த்திருக்கீங்க சார். எத்தனை டிகிரி படிச்சா இந்த அறிவு வரும்?"

"சரி, ஆனது ஆச்சு." அனந்தராமன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். அதற்குள் குரலில் பழைய மிடுக்கு ஏறிவிட்டது. "நான் கோபிக்கு போன் பண்ணல. போதுமில்ல? எப்படியும் அவ பொண்ணு கல்யாணத்துக்குப் போகப்போறவதானே. இதை இதோட விட்டுடலாம். பெல்லினிக்குத் தெரிஞ்சா என் நிலைமை என்ன ஆகும், யோசிங்க."

நஜ்முதீன் மனசில் ‘தூ’ என்று துப்பினார். மனுஷனுக்கு அகப்பட்டபோது வராத வெட்கம் எப்போதுதான் வரும்?

ராஜலக்ஷ்மி அவன் சாவிக்கொத்தை எடுத்தாள். டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். குழந்தையைத் தூக்கிவந்து, வாசலில் நின்றவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து, குழந்தையை அவள் தோளில் போட்டாள். அழுகை அந்த நொடியே நின்றது. பாஸ்போர்ட்டை அவள் கையில் வைத்தாள். பிறகு பெல்லினியின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனைப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"பேசுங்க."

அனந்தராமன் பேசினான். வழவழவென்று ஆங்கிலத்தில் பேசினான். வீட்டில் ஒரு சின்னக் குழப்பம் நடந்துவிட்டது, தவறுதலாகப் புட்டி மாறிவிட்டது, யார் மேலும் தப்பில்லை என்று சிரித்துக்கொண்டே முடிக்கப் போனான்.

சாந்தாமணிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் காது இருந்தது.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக. "எம் பேரே வரலீங்களே?"

அவள் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினாள்.

"அன்னிக்கு அத்தன பேரு முன்னால மூணு மட்டம் சாந்தாமணி, சாந்தாமணின்னு வந்துச்சுங்களே. இன்னிக்கு ஒரு மட்டங்கூட வரலியே?"

தோளில் குழந்தையோடு அவள் மேஜைக்கு வந்தாள். தாமரைச்செல்வி கொண்டுவந்த புட்டியை ஒரு கையால் தூக்கி, அனந்தராமனின் எவர்சில்வர் டம்ளரில் மிச்சத்தை ஊற்றினாள். நுரையும் மண்டியுமாகக் கொழகொழவென்று விழுந்தது. நாற்றம் அறை முழுக்கப் பரவியது. டம்ளரை அவன் முகத்துக்கு நேரே நகர்த்தினாள்.

"நான் குடிச்சேன்னீங்களே. நீங்க காச்சுனதுதானுங்க, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

அனந்தராமனுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. கையால் மூக்கைப் பொத்தி முகத்தைத் திருப்பினான்.

"ஒரு டம்ளருக்கே பொறுக்கலீங்களா?" என்றாள் சாந்தாமணி. "இத்தன நாளா எந் தலைமேல நீங்க ஊத்துனது இதத்தானுங்க."

போனில் பெல்லினியின் குரல் கேட்டது. அங்கே பேசுவது யார், என்ன சொல்கிறாள் என்று கேட்டது. ராஜலக்ஷ்மி குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னாள். எதிர்முனைக் குரல், புட்டி போனால் போகட்டும், அந்த அம்மாவின் பேரை இன்னொரு தடவை சொல்லுங்கள், நான் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்கிறேன் என்றது.

அனந்தராமன்தான் சொல்ல வேண்டியிருந்தது. மூக்கைப் பொத்தின கையை எடுத்து, அந்த நாற்றத்தை முழுசாக உள்ளே இழுத்தபடி, "சாந்தாமணி," என்றான். அவள் குடிக்கவில்லை, செய்தது நான்தான் என்றும் சொன்னான். பார்ட்டிக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் இதையே சொல்லும்வரை ராஜலக்ஷ்மி போனைக் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

சாந்தாமணி அன்றைக்கே கிளம்பினாள், கல்யாணத்துக்குப் போகிற அம்மாவாக. அவளை ஏர்போர்ட்டில் விட, ராஜலக்ஷ்மியும் குழந்தையும் நஜ்முதீனின் காரில் அவளோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டார்கள். மலையிறக்கத்தில் நாலு வளைவு தாண்டியும் நஜ்முதீன் வாய் திறக்காததைப் பார்த்து, தாமரைச்செல்வி கேட்டாள்:

"என்ன பாய், இன்னிக்கு ஜோக் ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு மேடம்," என்றார் அவர், கார் ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டே. "அந்த வீட்டுக் காத்து மூக்கை விட்டுப் போகட்டும், சொல்றேன்."